பச்சையில் இருந்த முனிரத்தினம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். திருப்பதியில் நான் வேலை பார்த்த மனநலக் கிளினிக்கில் என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘டென்ஷன் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். மனம்விட்டுப் பேசுகிற சிகிச்சைக்கு வர வேண்டிய ஆள் கொஞ்சம் தாமதித்தாலே அறைக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. மகள் போனை எடுக்கவில்லை என்றால் அவளுடைய ஆபீஸ் தோழிகள் அத்தனை பேருக்கும் அடித்துவிடுவேன். ஆகவே நான் சொல்லப்போவதில் என் பயத்தின் பங்கைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் கட்டுகிற வாட்சும் பையில் கிடக்கிற போனும் சேர்ந்து, இந்த ஆளுக்குச் சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்று முன்கூட்டியே சொல்லும் காலத்தில் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அதில் ஆச்சரியமே இருக்காது. எங்கள் கிளினிக்குக்கு அது வந்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். அதனால் எனக்கு அது கடைசிவரை வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரியே இருந்தது. கெட்டிக்காரி என்று தெரியும், ஆனால் சமையலறையை நம்பி விட மனசு வராது.

ஏற்பாடு எளிமையானது. சிகிச்சையில் சேருகிறவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு ஒரு வாட்ச் கொடுப்போம். எவ்வளவு தூங்கினார், எவ்வளவு நடந்தார், நெஞ்சு எப்படித் துடித்தது என்பதை வாட்ச் பார்த்து, அவருடைய போன் வழியாக எங்களுக்கு அனுப்பிவிடும். போனில் ஓர் ஆப். ராத்திரியில் எவ்வளவு நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், பகலில் எத்தனை பேரோடு பேசினார் என்று அது எண்ணிக்கொள்ளும். யாரோடு, என்ன பேச்சு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கலந்து கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடும். தேறிவருகிறவருக்குப் பச்சை, இழுபறியில் இருப்பவருக்கு மஞ்சள், பாதியில் நின்றுவிடுவார் அல்லது மோசமாகிவிடுவார் என்று தோன்றினால் சிவப்பு. ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் எடுக்கலாம் என்றார்கள். கூடவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மனசைத் திறந்து காட்ட வந்தவரைத் தெருத்தெருவாகப் பின்தொடர நமக்கு யார் உரிமை கொடுத்தது? பெரிய சண்டை போட்டு அதை மட்டும் நீக்க வைத்தேன்.

மெஷினைத் திட்டுவதற்காக இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஏர்பேட்டிலிருந்து ஓர் அம்மா வருவார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், வரும்போதெல்லாம் கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை கொண்டுவருவார். தேறிவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கோடு மட்டும் சிவப்பிலேயே நின்றது. இதற்கு என்ன தெரியும் என்று கேலி பேசினேன். பிறகு ஒருநாள் நிதானமாகக் கேட்டபோது, ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் படுத்திருப்பதாகச் சொல்லி அந்த அம்மா அழுதுவிட்டார். அத்தனை சிரிப்பும் என் மனசு நோகக் கூடாது என்பதற்காகவாம். அன்றைக்கு வாட்ச்தான் சரி, நான் இல்லை.

இனி முனிரத்தினத்தின் கதை. பெயரையும் வேறு அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

முனிரத்தினத்துக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பரம்பரையாக விவசாயம் பார்த்தவர்கள். இவர் மட்டும் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக, அதாவது உற்பத்தி வரிசை ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தார். மனைவி கௌரி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளே மனிதர் பாதாளத்தில் இருந்தார். எதிலும் பிடிப்பு இல்லை, சோறு இறங்கவில்லை, விடியற்காலையில் விழித்துக்கொண்டால் மனசு அடித்துக்கொள்கிறது. கடுமையான மனச்சோர்வு.

அவருடைய ஒரே நிபந்தனை, வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது. மச்சான், அதாவது கௌரியின் அண்ணன், அதே தொழிற்சாலையில்தான் வேலை. அவர் காதுக்குப் போனால் லைன் முழுக்கப் பரவிவிடும். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கீழே நாங்கள் வேலை செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள்.

“மேடம், ஊட்டுக்குத் தெரிஞ்சா நான் இல்ல” என்று முதல் நாளே சொன்னார்.

‘நான் இல்ல’ என்றால் என்ன அர்த்தம் என்று உடனே கேட்டேன். நீங்களும் கேளுங்கள், கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று உங்களில் சிலர் பயப்படுவீர்கள். ஆகாது. கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். அவர் தலையை ஆட்டினார். “அப்டியெல்லாம் இல்ல மேடம். பாப்பா இருக்கா” என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பாப்பாவைத்தான் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவேன் என்று சொல்லி கௌரியின் நம்பரை வாங்கி வைத்தேன். மனசே இல்லாமல் கொடுத்தார்.

அவர் வருவது சனிக்கிழமைகளில். வீட்டில் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார். நம் பக்கத்தில் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குக் கிளம்புகிற ஆளை யாராவது ஏன் என்று கேட்பார்களா? காலையில் நெற்றியில் நாமத்தோடு புத்தூர் வழியாகப் பஸ் ஏறுவார். திருப்பதியில் இறங்கி நேராக எங்கள் கிளினிக்குக்கு வருவார். எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

முதல் வாரங்களில் அவருடைய கோடு ஓட்டை ஓட்டையாக இருந்தது. தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவர்கள் வாட்ச், மோதிரம் எதுவும் போடக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சாயங்காலமும் ராத்திரியும் கட்டினால் போதும் என்றோம். அதையும் அவர் கட்டவில்லை. ஓய்ந்துபோய் வருகிற ஆளுக்கு அதையெல்லாம் எடுத்துக் கட்டத் தெம்பு எங்கே இருக்கும்? கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொண்ட சிராவணி திருப்பதிப் பெண், தெலுங்குக்காரி, வேலையில் படு சுட்டி. வாட்ச் கட்டாதவர்களுக்கெல்லாம் நினைவூட்டல் போகிற மாதிரி செய்து வைத்திருந்தாள். ‘இன்று வாட்ச் கட்டவில்லையே, தயவுசெய்து கட்டவும்’ என்று முனிரத்தினத்துக்குத் தினமும் செய்தி போனது. கட்டாவிட்டால் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று அவர் பயந்தது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

திடீரென்று கோடு நிரம்பியது. நிரம்பியதோடு நிற்கவில்லை, ஏறவும் ஆரம்பித்தது.

“மேடம், சூடண்டி, சூடண்டி! எப்டி வாக்கிங் போறாரு பாருங்க!” என்று சிராவணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள்.

சாயங்காலங்களில் அவ்வளவு நடை. நான் அவருக்குக் கொடுத்திருந்த வீட்டுப்பாடமும் அதுதான். வேலை முடிந்து வந்ததும் படுக்காமல் வெளியே போய்க் கொஞ்சம் நடங்கள் என்றிருந்தேன். தூக்கமும் நன்றாகிவிட்டது. சீக்கிரம் படுத்து, இடையில் விழிக்காமல், அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறார். நெஞ்சுத் துடிப்பு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகத் தெரிந்தது. நடை கூடியிருக்கிறது, அதனால் இருக்கும் என்று எல்லோருமே எடுத்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் போனும் சேர்ந்துகொண்டது. யாரோடும் பேசாமல் இருந்தவர் தினமும் பலரோடு பேசுகிறார் என்றது ஆப். கோடு பச்சையானது. அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்தவர்களிலேயே நல்ல பச்சை அவருடையதுதான்.

அடுத்த சனிக்கிழமை அவரிடம் கோட்டைக் காட்டினேன். “நல்லா நடக்கறீங்க போல?”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமா மேடம், நடக்கறேன்.”

“வழியில யாரப் பாத்தீங்க?”

“யாரும் இல்ல மேடம்.”

எனக்கு அங்கேதான் உறுத்தியது. நிஜமாகவே தெருவில் நடக்கிற ஆள் எதையாவது பார்த்திருப்பார். நாய் துரத்தியது, டீக்கடையில் சண்டை நடந்தது, பழைய வாத்தியார் நிறுத்தி வைத்து அறுத்துத் தள்ளினார் என்று சாமானியமாக ஏதாவது ஒன்று வாயில் வந்துவிடும். தேறுகிறவர்கள் பேச்சில் இப்படி ஊர் உலகம் திரும்பி வரும். இவர் பேச்சில் ஒன்றும் வரவில்லை. ஆனால் குரலில் ஓர் அமைதி வந்திருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “அதெல்லாம் இல்ல மேடம்” என்றார். பாப்பாவைச் சொல்லவில்லை. அவரை உடனே எங்கள் மருந்து டாக்டரிடம், அதாவது மருந்து எழுதித் தருகிற மனநல மருத்துவரிடம், அழைத்துப் போய்க் காட்டினேன். அவரும் நெடுநேரம் பேசிவிட்டு, இப்போதைக்கு அவசரம் தெரியவில்லை, அடுத்த வாரம் சேர்ந்தே பார்ப்போம் என்றார். அந்த வாரம் முழுக்க நான் தினமும் அந்தக் கோட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். அது பச்சையாகவே இருந்தது.

அடுத்தது புரட்டாசிச் சனிக்கிழமை. ஊரே ஜனக்கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது. முனிரத்தினத்தின் நேரம் வந்தது, போனது, அவர் வரவில்லை. போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப் என்று தெலுங்கில் சொன்னது. காலையிலிருந்தே போனிலிருந்தும் வாட்சிலிருந்தும் ஒரு துளி தகவல் வரவில்லை என்றாள் சிராவணி.

“மலைக்குப் போயிருப்பாரு மேடம்” என்றாள் ரிசப்ஷனில் இருந்த சரோஜா. “பெரட்டாசி சனிக்கெழம. போன், வாச்சி எல்லாம் கவுண்டர்ல குடுத்துட்டுத்தானே உள்ள போவணும்? சாமி பாத்துட்டு வந்தா தானா ஆன் ஆயிடும்.”

சிராவணிக்கும் அப்படித்தான் தோன்றியது. “கரெக்ட் மேடம், எங்க நான, அதான் எங்கப்பா, அவரும் மலைக்குத்தான் போயிருக்காரு, காலைலேந்து ஸ்விட்ச் ஆஃப்தான். பயப்படாதீங்க.”

இந்த ஊரில் வேலை பார்க்கப்போகிறவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் ஒருவர் போன் அணைந்துபோனால் என்ன ஆச்சு என்பார்கள். இங்கே நாம் மலைக்குப் போயிருப்பார் என்போம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது சரியாகவும் இருக்கும். அதனாலேயே கையோடு வந்துவிடுகிற பதில் அது. அன்றைக்கு நானும் கொஞ்ச நேரம் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டேன். அதில் எவ்வளவு நிம்மதி! பிறகுதான் உறைத்தது. இவருக்கு மலை என்பது என் அறைதானே? வீட்டில் சொல்லிவிட்டு வருகிற பொய்தானே அது? அந்தப் பொய்யை நாமே எப்படி நம்புவது?

கௌரியைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் பட்ட அவஸ்தையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். நடந்திருப்பது என்ன? ஒருவர் ஒருநாள் வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக வீட்டுக்குப் போன் போட்டு ரகசியத்தை உடைத்தால், ‘ஊட்டுக்குத் தெரிஞ்சா நான் இல்ல’ என்ற மனிதரை நானே விளிம்புக்குத் தள்ளின மாதிரி ஆகிவிடலாம். கூப்பிடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் உயிர் நின்றது. ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்க்கும் வசதியைச் சண்டை போட்டு நீக்கினவளும் நான்தான். அந்த நிமிஷத்தில் என்னையே சபித்துக்கொண்டேன். ஆனாலும் இன்றைக்கு யாராவது கேட்டால் அதே சண்டையை மறுபடியும் போடுவேன்.

கடைசியில் ஒரு நடுவழி தோன்றியது. சிகிச்சையைப் பற்றி வாய் திறக்காமல் வாட்சைப் பற்றி மட்டும் கேட்பது. கௌரியின் நம்பரை அழுத்தினேன்.

“அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ச் குடுத்திருந்தோம். அது விஷயமாப் பேசறேன்.”

“ஆமா மேடம், கம்பெனில குடுத்தாங்கன்னாரு. இன்னா, திருப்பிக் கேக்கறீங்களா?”

“இல்லம்மா. நல்லா வேலை செய்யுதான்னு கேக்கத்தான்.”

“சூப்பரா வேல செய்து மேடம்” என்று சிரித்தாள். “பாப்பா கழட்டவே மாட்டேன்றா. ஸ்கூல் உட்டு வந்தா அத்தக் கட்டிக்கினு தெருத் தெருவா ஓடறா. எத்தினி அடி ஆச்சின்னு பாத்துக்கினே இருக்கா. தூங்கறப்பகூட கைலதான் இருக்கும்.”

எதிரில் சிராவணியின் லேப்டாப்பில் அந்தப் பச்சைக் கோடு இருந்தது. சாயங்கால நடை, விழிக்காத தூக்கம், கொஞ்சம் வேகமான நெஞ்சுத் துடிப்பு. நாங்கள் இத்தனை நாளாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண் தெருவில் விளையாடியதை. வாட்ச் கட்டு, வாட்ச் கட்டு என்று விடாமல் கேட்டோம். மறுத்துச் சொல்லத் தெம்பு இல்லாத மனிதர் யார் கையிலோ கட்டிவிட்டார்.

“அவரு கட்டறதே இல்லையா?” என்று கேட்டேன்.

“சனிக்கெழமயானா மட்டும் பாப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கினு கோயிலுக்குப் போவாரு. வந்து குடுத்துடுவாரு.”

“இன்னைக்கு?”

“இன்னிக்கு வேணான்னுட்டாரு. பாப்பா குடுக்க வந்தா. நீயே வெச்சிக்கோ கண்ணு, இனிமே உனுக்குத்தான், நைனாவுக்கு வேணாம்னாரு. இன்னா மேடம், அது தப்பா?”

என்னிடம் வரும் நாளில் மட்டும் கட்டுகிற வாட்சை இன்றைக்குக் கட்டவில்லை. அப்படியானால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே என்னிடம் வரும் எண்ணம் அவருக்கு இல்லை. அதற்கு மேல் ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை.

“கௌரி, பதறாம கேளும்மா. நான் ஒரு மனநல ஆலோசகர். உங்க வீட்டுக்காரர் சனிக்கிழமைல மலைக்குப் போகல. மனசு ரொம்ப சோர்ந்து போயி, என்கிட்ட சிகிச்சைக்கு வந்துகிட்டு இருக்கார். இன்னைக்கு இங்க வரல. எனக்கு பயமா இருக்கு.”

மெதுவாக, “லட்டு வாங்கியாந்து குடுப்பாரே மேடம்” என்றாள்.

மலைக்குக் கீழே ஊரிலேயே வாங்கிக்கொண்டு போயிருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அழுவதற்கு இடம் கொடுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் மறுமுனையில் இருப்பவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள், அதுதான் அவர்களை நிற்க வைக்கும். “இந்த வாரம் அவர் நெறைய பேரோட போன்ல பேசியிருக்கார். யார் யாருன்னு தெரியுமா?”

“எல்லார்கிட்டயும் பேசினாரு. கூடப் படிச்சவங்க, சித்தப்பா... அவங்க அக்காவோடகூட பேசினாரு மேடம். பாகாலால இருக்காங்க. கல்யாணத்துல வந்த சண்ட, வருஷக்கணக்கா பேச்சே கெடயாது. நானே ஆச்சரியப்பட்டேன், மன்சு மாறிட்டாரு பாருன்னு.”

ஆப்புக்கு அது பலரோடு பேசுவது, அதாவது நல்ல அறிகுறி. கௌரிக்கு மனம் மாறினது. எனக்கு மட்டும் அது விடைபெறுவது மாதிரி கேட்டது. அக்காவைக் கூப்பிடு, உடனே கூப்பிடு என்றேன். நானும் என் பக்கத்தில் போலீசுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசினவர் மரியாதையாகத்தான் பேசினார். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா, மலை மேல் இருப்பார், எதற்கும் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

காத்திருந்தோம். சிராவணி அழுகையை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜா என் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். வெளியே நாற்காலியில் அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார், அவரை அனுப்பவும் தோன்றவில்லை, கூப்பிடவும் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் என்னால் அதை உடனே எடுக்க முடியவில்லை. எடுத்தால் என்ன கேட்க வேண்டிவருமோ என்று கை பின்னால் இழுத்துக்கொண்டது. இத்தனை வருஷ அனுபவம் அந்தப் பயத்தைத் துளிகூடக் குறைக்கவில்லை.

கௌரியின் போன் வந்தது. காலையில் அவர் அக்கா வீட்டுக்குத்தான் போயிருந்தார். உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாராம், பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அக்காவிடம் சொன்னாராம், ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாராம். அக்காவின் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடியிருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு மறுபடி காத்திருப்பு. அதை விவரிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

முனிரத்தினம் பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர் தோளில் கை வைத்ததும் எழுந்து கூட வந்துவிட்டார். உயிரோடு இருக்கிறார் என்று கேட்ட பிறகு நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஓர் உயிரைக் காப்பாற்றின கதையாகிவிடும். அப்படி அது முடியவில்லை.

அன்று சாயங்காலம் மருந்து டாக்டர் அவரிடம் போனில் பேசினார். ஸ்டேஷனில் எதற்கு உட்கார்ந்திருந்தாய் என்ற கேள்விக்கு முனிரத்தினம் சொன்ன பதில் இது: “மேடத்தப் பாக்கத்தான் ரயிலுக்குக் காத்துக்கினு இருந்தேன். அக்கா ஊட்டுல லேட் ஆயிடுச்சி.” போன்? சார்ஜ் இல்லை. வாட்ச்? குழந்தை ஆசைப்பட்டாள், கொடுத்துவிட்டேன், இனிமேல் கட்டுவதில்லை என்று மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அக்கா? மேடம்தானே உறவுகளோடு பேசச் சொன்னார். ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன். பாகாலாவிலிருந்து திருப்பதிக்கு ரயிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் நம்பும்படியாகவும் இருந்தது.

அவர் சொன்னது உண்மையா? எனக்குத் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் மிகவும் பயங்கரமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். தடுக்க ஓடிவிட்டால், தடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதோடு அழிந்துபோகிறது. நீங்கள் செய்தது சரியென்று எந்தக் கோடும் பிறகு வந்து சொல்லாது. தப்பு என்றும் சொல்லாது. அந்தச் சந்தேகத்தோடே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு, உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும்.

ரகசியம் உடைந்ததற்கான விலை மட்டும் நன்றாகத் தெரிந்தது. கௌரி பதற்றத்தில் அன்றைக்கே அண்ணனுக்குச் சொல்லியிருந்தாள். அடுத்த வாரமே தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உடம்பு தேறட்டும் என்று இனிமையாகச் சொல்லி அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். அவர் என்ன நடக்கும் என்று பயந்தாரோ அது அப்படியே நடந்தது. எங்கள் கிளினிக்கில் இனி கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரின் பெயரைச் சொல்லி அனுப்பினேன், அங்கே போக ஒத்துக்கொண்டார்.

மாதக் கூட்டத்தில் சிராவணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மேடம், அவருக்கு ரிசல்ட்ல இன்னா போடறது?” சிகிச்சையைப் பாதியில் விட்டவர் என்று போடச் சொன்னேன். தேறுவார் என்று மெஷின் சொன்னது, அவரோ பாதியில் நின்றுவிட்டார். கணக்குப்படி அது மெஷினுக்கும் தோல்வி, எனக்கும் தோல்வி. அதற்குப் பிறகு வாட்ச் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டோம். வீட்டில் வேறு யார் இதைக் கட்டிப் பார்க்கிறார்கள்? அதட்டாமல் சிரித்துக்கொண்டே கேட்டால் பலர் உண்மையைச் சொல்வார்கள். வெட்கத்தோடு சொல்வார்கள், பையன் கட்டுகிறான், மாமியார் கட்டுகிறார், ஒருவர் வீட்டில் எருமையின் கொம்பில்கூட மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். நீங்களும் கேளுங்கள். நினைவூட்டல் செய்தி அனுப்புவதற்கு முன்னால் ஏன் கட்டவில்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கௌரி ஒருமுறை கிளினிக்குக்கு வந்தாள். சித்தூர் டாக்டருக்குக் கொடுக்க, இதுவரை என்ன சிகிச்சை நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார்களாம். அப்போதுதான் முதல் தடவையாக அவளை நேரில் பார்த்தேன். போனில் கேட்ட அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. எழுதிக் கொடுத்தேன். கேட்கக் கூடாது என்று எத்தனையோ தடவை நினைத்தும் வாய் கேட்டுவிட்டது.

“கௌரி, அன்னைக்கு அவர் நெஜமாவே இங்க வரத்தான் கிளம்பினாரா? நீ என்ன நெனக்கிற?”

அவள் நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

“எனுக்குத் தெரியல மேடம். நான் கேக்கவும் இல்ல. உங்க பேரச் சொன்னாலே அவருக்கு அப்டி ஒரு கோவம் வருது. ஒண்ணும் இல்லாத விஷயத்துக்கு மானத்த வாங்கிட்டாங்கன்னு நேத்துகூட சாப்புடறப்ப உக்காந்து திட்டிக்கினே இருந்தாரு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“திட்டட்டும் மேடம்” என்றாள் கௌரி. “திட்றதுக்கு ஆளு ஊட்ல இருக்காரு இல்ல?”